சீவாத புதுச் சீவுளி: வவுனிக்குளத்துப் பக்கம் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆவணி மாதம். கச்சான் காற்று அடங்காத ஒரு பின்னேரம், வவுனிக்குளத்துப் பக்கம் தச்சு வேலை செய்யும் தம்பி ஒருவர் உரப்பையில் சுற்றிய சாமான் ஒன்றைக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது சீவுதில்லை. பிய்க்குது."

பைக்குள் இருந்தது பலகையைச் சீவி மட்டமாக்குகிற புத்தம் புதுச் சீவுளி. வாங்கி ஒன்பது நாள். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார். பாவித்த சாமானை எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பாவிக்காமல் பழுதென்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனாலும் கடைக்காரரை முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விலை குறைந்த புதுச் சீவுளி பெட்டியைத் திறந்தவுடன் சீவி நான் பார்த்ததில்லை. அது முக்கால்வாசி செய்த சாமான். மிச்சக் கால்வாசி வாங்குகிறவர் தலையில். அதை யாரும் பெட்டியில் எழுதி ஒட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சீவுளிக்கு ஐந்து பின்னேரம் போனது. அதில் ஒன்றரைப் பின்னேரம் வீண், அதுவும் என் பிழையால். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆளும் மரமும்

தம்பிக்கு இருபத்து மூன்று வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு படித்தவர். அங்கே மின்சாரச் சீவல் இயந்திரத்தில்தான் பழகியிருக்கிறார். கைச்சீவுளி படிப்பிலே ஒரு நாள், பரீட்சையிலே ஒரு கேள்வி. இப்போது கதவு வேலை ஒன்று பிடித்திருக்கிறார். மரம் முதிரை, சிங்களத்தில் புருத என்பார்கள். மரக்காலையில் அனுமதிப்பத்திரத்தோடு வாங்கிய நல்ல வைரப் பலகை. இயந்திரத்தில் விட்டால் முதிரை சில இடங்களில் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து வரும். கடைசி மெருகுக்குக் கைச்சீவுளி வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார்.

சீவுளி நான்காம் நம்பர் வகை. அடி 245 மில்லிமீற்றர் நீளம், அலகு 50 மில்லிமீற்றர் அகலம், உடல் வார்ப்பிரும்பு. அமெரிக்காவில் லெனாட் பெய்லி என்பவர் கண்டுபிடித்த அமைப்பு இது. 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு உலகமெல்லாம் அதே அச்சில் வார்க்கிறார்கள். அமைப்பில் ஒரு குறையும் இல்லை. வார்த்த பிறகு மட்டம் பார்ப்பதற்குக் காசு செலவழிக்கிறார்களா இல்லையா என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகிறது.

பழைய சீவுளி ஒன்றைத் தேடி வாங்கலாமே என்று வெளியிடத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான், வன்னிக்கு வெளியே. எங்கள் வீட்டில் மூன்று சீவுளி இருந்தது. ஒன்று அப்பா தானே பாலைக் கட்டையில் செய்த மரச்சீவுளி. இடம்பெயரும்போது உடுப்பும் அரிசியும் எடுத்த கை இரும்புச் சாமானை எடுக்கவில்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. எனக்குத் தெரிந்த தச்சர்கள் பலருக்கும் இதே கதை. ஆகவே இங்கே புதுச் சாமானைத் திருத்திப் பாவிப்பதைவிட வேறு வழி குறைவு.

முறைப்பாடு

தம்பி சொன்னதையும், நான் முதிரைத் துண்டில் இழுத்துப் பார்த்ததையும் சேர்த்து நாலு குறை எழுதிக்கொண்டேன். ஒன்று, அலகு மரத்தைத் தொடாமல் வழுக்கும், கொஞ்சம் இறக்கினால் திடீரென்று ஆழமாகக் கடிக்கும். இரண்டு, சில இழுவைக்குள்ளேயே வாய், அதாவது அடியில் அலகு எட்டிப் பார்க்கும் துளை, சீவலால் அடைத்துவிடும். மூன்று, சீவிய இடத்தில் வரி வரியாக ஒரு அலை; கண்ணுக்கு உடனே தெரியாது, ரோச் வெளிச்சத்தைப் பலகைக்குப் படுக்கையாகப் பிடித்தால் வாய்க்கால் மணலில் தண்ணீர் வடிந்த தடம் மாதிரித் தெரியும். நாலு, எதிர் நார் வருகிற இடமெல்லாம், அதாவது மரத்தின் நார் சீவும் திசைக்கு எதிராக எழும்புகிற இடமெல்லாம், பிய்ந்து குழி.

"அலகு தீட்டினீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, தீட்டிப்போட்டுத்தான் பாத்தனான். கையில மயிர் வழிக்குது."

வழித்துக் காட்டினார். வழித்தது. சரி, அலகில் பிழையில்லை என்று அந்த இடத்திலேயே ஒரு கோடு கீறிவிட்டேன். அது என் முதல் பிழை. அது பிறகு வரும்.

அடியில் தொடங்கியது

சீவுளி என்றால் எல்லோரும் முதலில் அடியைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படியே. மண்ணெய்த் துணியால் கடைக்காரர் பூசிய எண்ணெயைத் துடைத்து, ஸ்டீல் ரூலை விளிம்பில் நிறுத்தி, பின்னால் ரோச் பிடித்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் இருட்டு. வாய்க்குப் பக்கத்தில் வெளிச்சம். ஒரு சாதாரணக் கடதாசியை நுழைத்தால் தாராளமாகப் போனது, இரண்டை அடுக்கினால் இறுகியது. கடதாசி ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். ஆகவே பள்ளம் 0.1க்கும் 0.2க்கும் இடையில்.

கேட்கச் சின்ன அளவு. ஆனால் நல்ல சீவல் ஒன்றின் தடிப்பு அதில் பாதியும் இல்லை. வாய் பள்ளத்துக்குள் இருந்தால் அலகு அந்தப் பள்ளத்தைத் தாண்டி வெளியே நீட்டினால்தான் மரத்தைத் தொடும். அப்படி நீட்டி வைத்த அலகு, கை அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் ஆழமாக இறங்கும். முதல் குறைக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பழைய யன்னல் கண்ணாடி ஒன்று, 5 மில்லிமீற்றர் தடிப்பு, பட்டறையில் கிடந்தது. மேசையில் அதைப் படுக்கவைத்து, மேலே 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரை ஒட்டினேன். அலகை உள்ளே இழுத்து, ஆனால் கழற்றாமல், வேலை செய்யும்போது இறுக்குகிற அதே அளவுக்குப் பூட்டி வைத்தேன். அலகை அழுத்திப் பிடிக்கிற பூட்டின் இறுக்கத்தில் வார்ப்பு மயிரளவு வளையும். கழற்றி வைத்து உரஞ்சினால் பிறகு பூட்டும்போது மட்டம் மாறிவிடும். அடி முழுக்கப் பென்சிலால் குறுக்கும் மறுக்கும் கிறுக்கிவிட்டு உரஞ்சத் தொடங்கினோம். நான் இருபது, தம்பி இருபது. பென்சில் கீறல் முன்னுக்கும் பின்னுக்கும் முதலில் அழிந்தது. வாயடியில் அழிய ஒரு பின்னேரம் முழுதும் போனது.

அடி முழுதும் கண்ணாடி மாதிரி வரவேண்டியதில்லை. முன் நுனி, வாயின் முன் உதடு, வாய்க்குப் பின்பக்கம், பின் நுனி: இந்த நாலு இடமும் ஒரே மட்டத்தில் மரத்தைத் தொட்டால் போதும். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அடுத்த பின்னேரம் 120, பிறகு 240 என்று பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன். முகம் பார்க்கலாம் போல வந்தது. தம்பி ஃபோனில் படம் எடுத்தார். பக்கத்துச் சுவர்களையும் உரஞ்சினோம். பக்கத்தைத் தரையில் சாய்த்துப் பலகை விளிம்பு சீவுகிற வேலை அவருக்கு இல்லை என்று பிறகுதான் யோசித்தேன்.

பூட்டி இழுத்துப் பார்த்தோம். வழுக்கல் போய்விட்டது. வாய் அடைப்பு, அலை வரி, பிய்ச்சல் மூன்றும் அப்படியே.

அம்மா சொன்னது

எங்கள் வீட்டில் சீவல் வீணாவதில்லை. அடுப்பு மூட்ட அம்மா பெட்டியில் அள்ளிக்கொண்டு போவார். மூன்றாம் நாள் அள்ள வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு நின்றார்.

"என்னடா, ரெண்டு நாளா சீவல் எல்லாம் நொறுங்கிக் கிடக்கு? சுருள் ஒண்டையும் காணேல்லை."

அப்போதுதான் நான் சீவலைப் பார்த்தேன். இரண்டு நாளாகச் சீவுளியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அது கக்கியதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலைந்தை எடுத்து மேசையில் விரித்தேன். ஒன்றும் விரல் நீளத்துக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றும் விசிறி மடிப்பு மாதிரி நெரிந்து ஒடிந்திருந்தது. இடப்பக்கம் தடிப்பு, வலப்பக்கம் தூள்.

விசிறி மடிப்பு என்றால் சீவல் வெட்டுப்பட்ட பிறகு வெளியேற வழியில்லாமல் எங்கோ முட்டுகிறது. முட்டக்கூடிய இடம் ஒன்றுதான். அலகின் மேல் ஒரு வளைந்த தகடு பூட்டியிருக்கும். நான் மேற்தகடு என்று எழுதுகிறேன். அலகையும் மேற்தகட்டையும் பூட்டியபடி கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்தேன். இரண்டும் சந்திக்கிற நுனியில் இடப்பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வெள்ளிக் கோடு ஒன்று. அந்த இடுக்கில் முதிரையின் மஞ்சள் நார்கள் சிக்கி நின்றன. ஊசியால் கிளப்பி எடுத்தேன். பல்லிடுக்கில் இறைச்சி நார் மாட்டுவது போலத்தான்: முதல் நார் நுழைந்தால் அடுத்தது அதில் தட்டும், மூன்றாவது இழுவையில் வாய் மூடிவிடும்.

அதைத் திருத்த அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. எண்ணெய்க்கல்லை மேசை விளிம்பில் வைத்து, மேற்தகட்டின் நுனியின் அடிப்பக்கத்தைக் கல்லில் வைத்து, வால் பக்கத்தைக் கல்லின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துத் தேய்த்தேன். தாழ்த்தினால்தான் நுனியின் முன் விளிம்பு மட்டும் அலகைத் தொடும். மட்டமாகத் தேய்த்தால் பின்பகுதி முட்டி முன்பகுதி தூக்கிவிடும். ஒரு மூலையில் தொழிற்சாலையில் வெட்டியபோது நின்ற பிசிர் ஒன்று இருந்தது. தகட்டைத் தூக்கி வைத்திருந்தது அதுதான். நாற்பது தேய்ப்பில் போய்விட்டது. திரும்பப் பூட்டி வானத்தைப் பார்த்தேன், இருட்டு.

மேற்தகட்டின் முதுகையும் விட்டுவிடவில்லை. சீவல் ஏறிப் போகிற பாதை அது. அங்கே வெட்டிய தடம் வாள் பல்லு மாதிரிச் சொரசொரப்பாக இருந்தது. 400ஆம் நம்பர் வோட்டர் பேப்பரால் வழுவழுப்பாக்கி, மெழுகுதிரியால் ஒரு தடவு.

அதே மூச்சில் அலகையும் திருப்பிப் பார்த்தேன். முதல் நாள் அலகில் பிழையில்லை என்று கோடு கீறியதைச் சொன்னேனே. தம்பி சாய்வுப் பக்கத்தை நன்றாகத்தான் தீட்டியிருந்தார். ஆனால் முதுகுப் பக்கம் கடையில் வந்தபடியே, சாணைக்கல்லின் வரி குறுக்கே ஓடியபடி கிடந்தது. கூர் என்பது இரண்டு முகம் சந்திக்கிற கோடு. ஒரு முகத்தில் வரி இருந்தால் கூரும் அந்த வரி கணக்குக்குப் பல்லுப் பல்லாகத்தான் வரும். அது மயிரை வழிக்கும், ஏன், மீனையும் வெட்டும். முதிரையில் பத்து இழுவைக்கு மேல் தாங்காது. முதுகு முழுதையும் மட்டமாக்கத் தேவையில்லை. நுனியிலிருந்து ஒரு 10 மில்லிமீற்றர் கல்லில் படுக்கவைத்து வரி அழியும் வரை தேய்த்தோம். அப்புறம் சாய்வு: கடையில் வருவது 25 பாகை. அதை அப்படியே விட்டு, நுனியில் மட்டும் 30 பாகையில் மெல்லிய ஒரு கரை. முதுகுப் பக்கம் விரலை நுனி நோக்கி வழித்தால் பிசிர் தட்டுப்பட வேண்டும், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. தட்டுப்படாத இடம் இன்னும் தீட்டுப்படாத இடம். பிசிரைத் தோல் பட்டியில் எடுத்தோம். இரண்டு மூலையையும் மயிரளவு மழுக்கினோம், பலகையில் கோடு விழாமல் இருக்க.

இழுத்துப் பார்த்ததில் வாய் அடைப்பு இல்லை. பிய்ச்சல் குறைந்தது. அலை வரி மட்டும் அப்படியே நின்றது.

டக், டக்

அலகு சாய்ந்து படுத்திருக்கிற இரும்புத் துண்டை ஆங்கிலத்தில் தவளை என்பார்கள். பார்த்தால் குந்தியிருக்கும் தவளை மாதிரித்தான் இருக்கும். அடியில் உள்ள இருக்கையில் இரண்டு திருகாணியால் பூட்டியிருக்கும். அலை வரி என்றால் அலகு வெட்டும்போது நடுங்குகிறது. அலகு நடுங்கினால், அது படுத்திருக்கிற இடத்தில் ஏதோ ஆட்டம்.

நாலாம் பின்னேரம் தவளையைக் கழற்றினோம். திருகாணி இல்லாமல் அதை இருக்கையில் வைத்து, மூலைக்கு மூலை விரலால் மாறி மாறி அழுத்தினேன்.

டக். டக்.

தம்பி காதைக் கிட்டக் கொண்டுவந்தார். தானும் அழுத்தினார். டக், டக். ஒரு கால் குட்டையான வாங்கில் இருந்தால் வருகிற அதே ஆட்டம். திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் மூன்று காலில்தான் நிற்கும். அலகு மரத்தை இடிக்கும்போது நாலாவது கால் துடிக்கும்.

உடம்புக்கு நீலப் பெயின்ற் அடித்தபோது இருக்கைக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் அது வடிந்து கட்டிபட்டிருந்தது. உடைந்த இரும்புவாள் அலகு ஒன்றால் சுரண்டி எடுத்தோம். சுரண்டிய பிறகும் டக் என்றது. பெயின்றுக்குக் கீழே வார்ப்பிலேயே மேடு இருக்கவேண்டும், எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

குப்பி விளக்கு ஒன்றைக் கொளுத்தினேன். மின்சாரம் இல்லாத காலத்தில் படித்தவர்கள் வீட்டில் ஒன்றாவது இன்னும் கிடக்கும். தவளையின் அடியை அந்தச் சுவாலைக்கு மேலே பிடித்துப் புகைக்கரி படியவிட்டு, ஆறவைத்து, இருக்கையில் வைத்து அழுத்தி எடுத்தேன். இருக்கையில் பின்பக்க வலது மூலையில் குறுணி அரிசி அளவில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. வேறு எங்கும் கரி படவில்லை. அந்தப் பொட்டை மட்டும் சின்னத் தட்டை அரத்தால் இரண்டு இழுவை. திரும்பக் கரி, திரும்ப அழுத்தல். இப்போது இரண்டு பொட்டு. திரும்ப அரம். ஏழாம் தரம் நாலு மூலையிலும் கரி ஒட்டியது, அழுத்தினால் சத்தம் இல்லை. அரத்தை அவசரப்பட்டு ஓட்டினால் மேடு பள்ளமாகிவிடும். வார்ப்பிரும்பில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இந்த ஒரு வேலையை மட்டும் நான் தம்பியிடம் கொடுக்கவில்லை.

திரும்பப் பூட்டும்போது தவளையை எவ்வளவு முன்னுக்குத் தள்ளுவது என்று ஒரு கேள்வி வரும். முன்னுக்குத் தள்ளினால் வாய் ஒடுங்கும்; வாய் ஒடுங்கினால் பிய்ச்சல் குறையும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. தள்ளினால் அலகின் அடிநுனி தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும், நடுக்கம் திரும்பி வரலாம். மேற்தகட்டையும் நுனிக்குக் கிட்ட வைத்து வாயையும் ஒடுக்கினால் சீவல் போக இடமில்லாமல் திரும்ப அடைக்கும். இரண்டில் ஒன்றை நம்பவேண்டும். நான் மேற்தகட்டை நம்புகிறவன். தவளையின் முன் விளிம்பை வாயின் பின் உதட்டோடு சமமாக வைத்துப் பூட்டிவிட்டேன். வாயின் முன் உதட்டில் வார்ப்புப் பிசிர் கொஞ்சம் இருந்தது. அதை மட்டும் அரத்தால் நேராக்கினேன்.

முட்டுக் கொடுத்தல்

ஐந்தாம் பின்னேரம் பெரும்பாலும் மேற்தகட்டோடுதான். மரம் பிய்வது ஏன் என்றால், எதிர் நாரில் அலகு நுழையும்போது சீவல் நிமிர்ந்து, அலகு வரும் முன்பே முன்னால் விறகு பிளப்பது மாதிரிப் பிளந்துகொண்டு போகிறது. மேற்தகடு நுனிக்கு மிகக் கிட்ட இருந்தால் சீவல் எழும்பியவுடனேயே அதில் முட்டி மடங்கும். பிளக்க அதற்கு நீளம் கிடைக்காது. கிட்ட என்றால் எவ்வளவு? தம்பியின் சீவுளியில் 2 மில்லிமீற்றர் இருந்தது. அது தடித்த சீவலுக்கு, சும்மா பலகை இறக்குகிற வேலைக்கு. முதிரையின் கடைசி மெருகுக்கு 0.3 மில்லிமீற்றர் வேண்டும். அளக்க ஒன்றும் தேவையில்லை: அலகின் முதுகில் வெளிச்சம் விழப் பிடித்தால் மேற்தகட்டுக்கு முன்னால் ஒரு பளிச்சென்ற கோடு தெரியும். அந்தக் கோடு மூன்று நாலு தலைமயிரை அடுக்கிய அகலத்தில் இருக்கவேண்டும்.

வைக்கிற முறையில் ஒரு சூது உண்டு. திருகாணியை இறுக்கும்போது மேற்தகடு தானாக முன்னுக்கு நகரும். தம்பி மூன்று தரம் சரியாக வைத்து, மூன்று தரமும் இறுக்கும்போது நுனியைத் தாண்டவிட்டார். மூன்றாவது தரம் புதிதாகத் தீட்டிய கூரில் பல்லு விழுந்தது. திரும்பவும் கல். வேண்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, அரைகுறையாக இறுக்கி, பின்னாலிருந்து மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி, பிறகு முழுதாக இறுக்கினால் சொன்ன இடத்தில் வந்து நிற்கும்.

மிச்சம் சின்ன விடயங்கள். பூட்டின் நடுத் திருகாணியை, பூட்டிய நிலையிலும் அலகை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்துகிற பித்தளைச் சக்கரத்தை ஒரு விரலால் திருப்பக்கூடிய அளவுக்கு இறுக்கினால் போதும். சக்கரத்தில் அரைச் சுற்றுக்கும் மேல் வெற்றோட்டம், அதாவது அலகு நகராமல் சும்மா சுற்றுகிற ஓட்டம், இருந்தது. விலை குறைந்த சீவுளியில் அதைத் திருத்த முடியாது, பழகிக்கொள்ளலாம். அலகைப் பின்னுக்கு இழுத்தால் அப்படியே நிறுத்தக்கூடாது, திரும்ப முன்னுக்குத் திருப்பித்தான் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் வெற்றோட்டம் அளவுக்கு அலகு வேலைக்கு நடுவில் பின்வாங்கும். இடப்பக்கம் தடிப்பு, வலப்பக்கம் தூள் என்று வந்தது, அலகை இடம் வலமாகச் சாய்க்கிற பக்க நெம்பைச் சரித்தவுடன் தீர்ந்தது. இந்த முழு வழக்கிலும் எளிதாகத் தீர்ந்தது அதுதான்.

சீவியது

முதலில் பெட்டி அடித்து வந்த பைன் பலகை. சத்தம் மாறியிருந்தது. முன்பு கரகரவென்றது, இப்போது சர்ரென்று ஒரே மூச்சு. சீவல் 50 மில்லிமீற்றர் முழு அகலத்தில் வாயிலிருந்து எழும்பி தம்பியின் மணிக்கட்டில் சுருண்டு விழுந்தது. பத்திரிகையின் மேல் விரித்தால் தலைப்பு மட்டுமல்ல, கீழேயுள்ள செய்தியும் வாசிக்கலாம்.

பிறகு முதிரை. அவருடைய கதவுப் பலகை ஆறில் ஐந்து சுத்தமாக வந்தது. பொன்னிறத்தில் பட்டுத்துணி மாதிரி அந்த மினுக்கம் வந்தபோது தம்பி கையால் தடவிக்கொண்டே இருந்தார். ஆறாவது பலகை முழுவதும் பின்னல் நார். ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம், அடுத்த விரல் அகலம் அந்தப் பக்கம். அதில் மூன்று இடத்தில் இன்னும் பிய்ந்தது. வேறொரு அலகு வாங்கி அதன் முதுகில் 15 பாகைச் சின்னச் சாய்வு வைத்தால் வெட்டும் கோணம் 45இலிருந்து 60 ஆகும், பின்னல் நாரும் அடங்கும். ஆனால் தள்ளக் கை வலிக்கும், அந்த அலகு வேறு வேலைக்கு உதவாது. மூன்று பொட்டுக்காக அது தேவையா? உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் அந்த மூன்று இடத்தையும் சுரண்டி எடுத்தோம். அப்பா காலத்து வழி. பத்து நிமிடம்.

ஆசைக்குப் பாலைக் கட்டை ஒன்றிலும் விட்டுப் பார்த்தோம். தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம். எட்டு இழுவையில் கூர் போய்விட்டது. பாலையை இயந்திரத்துக்கே விட்டுவிடுமாறு சொன்னேன்.

மாரிக்குப் பிறகு

மார்கழியில் தம்பி திரும்ப வந்தார். மாரி மழையில் கதவு ஊதி நிலையில் பிடித்திருக்கிறது, விளிம்பைச் சீவவேண்டும், ஆனால் சீவுளியின் அடி துரு. சீமெந்துத் தரையில் அடி படும்படி வைத்திருக்கிறார். துரு ஆழமில்லை, வோட்டர் பேப்பரும் மண்ணெயும் போட்டு எடுத்தோம். நான் இரண்டாம் பின்னேரம் கொண்டுவந்த அந்த முகம் பார்க்கிற பளபளப்பும் அதோடு போய்விட்டது. சீவலில் ஒரு வித்தியாசமும் இல்லை. தேங்காயெண்ணெய் பூசுவதா என்று கேட்டார். அது வேண்டாம், தையல் மெசின் எண்ணெயைத் துணியில் நனைத்து வைத்துக்கொள்ளும்படியும், வேலை தொடங்கும்போது அடியில் மெழுகுதிரியால் இரண்டு கீறு கீறும்படியும் சொன்னேன். அலகை இடையில் நாலைந்து தரம் தானே தீட்டியிருக்கிறார். மேற்தகட்டைத் திரும்ப வைத்ததும் அவரேதான். கோடு நேராக இருந்தது.

கூட இன்னொரு உரப்பையும் கொண்டுவந்திருந்தார். அவருடைய சிநேகிதன் வாங்கிய சீவுளி, அதே நீலம்.

"இதுவும் பிய்க்குது அண்ணை. நான் தவளையைக் கழட்டிப் பாத்தனான், டக் எண்டு சத்தம் இல்லை. மேற்தகட்டிலயும் வெளிச்சம் இல்லை. அடியும் மட்டம். ஒண்டும் விளங்கேல்லை."

வாங்கிப் பார்த்தேன். அலகைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள், சாய்வுப் பக்கம் மேலே. கழற்றித் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன்.